லீடரம்மா, காக்கியோடு வா

அன்புள்ள லீடரம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு பாட்டு, வெயிலுக்கு ஒரு பாட்டு. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று மணியோசை சொன்னாள். அவளிடம் சொன்னால் தாலுகாவுக்கே சொன்ன மாதிரிதானே, அதனால் நீயே என்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். சரி, விசாரிப்பு முடிந்தது.

வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஸ்டேஷன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம். பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளி ஆண்டு விழா. நீதான் சிறப்பு விருந்தினர். பட்டுப்புடவை எல்லாம் வேண்டாம், யூனிபார்மில் வா. தொப்பி, பெல்ட், தோளில் இரண்டு நட்சத்திரம், ஒன்றும் குறையக் கூடாது. எச்.எம். அம்மாவிடம் பேசிவிட்டேன்; அவர்களுக்குச் சந்தோஷம். அனுமதி வாங்க வேண்டியது உன் பாடு.

சிரிக்காதே. கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, நான் வாயே திறக்காத நாளிலும் என் பெயரை முதலில் எழுதியவள் நீ. இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே எழுதுகிறாய். பழைய கடனை அடைக்க இது ஒரு வாய்ப்பு.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாவது பிள்ளைகள் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் எங்கள் பிள்ளைகள் மூன்று பேர் தேறினார்கள், இப்போது ஒன்பதாவது படிக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க 6,695 பேருக்குத்தான் அந்த உதவித்தொகை. மாதம் 1,000 ரூபாய், பன்னிரண்டாவது முடிக்கும்வரை வரும். கணக்கு டீச்சர் சனிக்கிழமைகளில் தன் கைக்காசில் சுண்டல் போட்டு வகுப்பெடுத்தார். அவருக்கு ஒரு சால்வை நீ போர்த்த வேண்டும். இந்த வருட எட்டாவதும் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறது.

அப்புறம் ஏழாவதில் ஒரு பொடியன். அவன் வீட்டுக் காட்டில் மக்காச்சோளத்தைப் பன்றி விடுவதில்லை. பழைய சைக்கிள் சக்கரத்தையும் தகர டப்பாவையும் வைத்து, காற்றடித்தால் சத்தம் போடுகிற ஒரு சாமான் செய்ய யோசனை எழுதினான். இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வாகி, மாதிரி செய்ய 10,000 ரூபாய் அவன் கணக்கிலேயே வந்து விழுந்துவிட்டது. அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, "இதுல ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கிக்கிடலாமா டீச்சர்?" என்று கேட்டார். அறிவியல் சார் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கடைசியில் சாமான் தயாராகிவிட்டது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் சனிக்கிழமை வருவதால், முந்தின நாள் விழாவிலேயே அதையும் மற்றப் பிள்ளைகள் செய்ததையும் கண்காட்சியாக வைக்கிறோம். பன்றி பயப்படுமா தெரியாது, எச்.எம். அம்மா பயந்துவிட்டார்.

கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு மாவட்டம் வரை போனது. எங்கள் குடத்துக்காரி அடித்த அடியில் குடம் உடையாமல் திரும்பி வந்ததே ஒரு சாதனை. விழாவில் நீயே கேட்பாய்.

இப்போது ஹாக்கி. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பெண் பிள்ளைகள் பாரதியார் தினக் குழுப் போட்டிகளில் குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்ட இறுதிவரை போனார்கள், தெரியுமா? கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி ஒன்றும் அதிசயமில்லை என்பாய். பையன்களுக்கு அதிசயமில்லை. மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினாலும் ஆடினார், எங்கள் ஊரில் கருவேலங்குச்சி கூட ஹாக்கி மட்டையாகிவிட்டது. ஆனால் பாவாடை தாவணி கட்டுகிற வயதில் பெண்பிள்ளை கம்பைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் ஓடினால் டீக்கடை பெஞ்சுக்கு இன்னும் அது செய்திதான்.

அவர்கள் ஆடுவது கரிசல் தரையில். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் நாலு நாளைக்குக் கால் வைக்க முடியாது, களிமண் மட்டையோடு வரும். வெயில் வந்தால் வெடிப்பு. பந்து வெடிப்பில் விழுந்தால் கையை விட்டுத்தான் எடுக்கணும். இப்படிப் பழகிய பிள்ளைகளை இறுதிப் போட்டிக்குச் செயற்கைப் புல்தரையில் இறக்கினார்கள். எங்கள் தரையில் பந்துக்குப் பின்னாலேயே ஓடிப் பிடிக்கலாம். அங்கே அது கண் முன்னாலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் கால் மணி நேரம் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அப்புறம் புரிந்துகொண்டார்கள் பார், அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேப்டன் பிள்ளை இடைவேளையில், "ஏட்டி, பந்து வரதுக்கு முன்னாடியே கம்பைக் கீழ வையி" என்றாள். அவ்வளவுதான். 1-1.

ஷூட் அவுட். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், நீ வாழ்க்கையில் ஓடியது டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். ஒரு ஆள் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருவாள், எதிரே கோல்கீப்பர் மட்டும். 8 விநாடிக்குள் கோல் போட வேண்டும். எங்கள் கோல்கீப்பர் எட்டாவது படிக்கிறது, ஆள் இத்தனூண்டு. காலில் கட்டியிருந்த பேடு டவுன் பையன்களிடம் கடன் வாங்கியது. அதைக் கட்டிக்கொண்டு நடக்கவே அவளுக்கு முடியவில்லை, அதற்குள்ளும் இரண்டைத் தடுத்துவிட்டாள். கடைசியில் ஒரு கோலில் போயிற்று. பி.இ.டி. சார் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு போனில் பேசுவதுபோல் நடித்தார். போன் தலைகீழாக இருந்தது.

ஜெயித்த பள்ளி மாநிலப் போட்டிக்குப் போயிற்று. எங்களுக்கு ஒரு கேடயம், ஆளுக்கொரு சான்றிதழ்.

பிள்ளைகளைத் தேற்றுவதற்காக டிசம்பரில் சார் வேன் பிடித்து மதுரைக்குக் கூட்டிப் போனார். ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, டிக்கெட் இலவசம். இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்த ஆட்டம். நானும் போனேன். திரும்பி வரும்போது நடுராத்திரி, வேனில் ஒருத்தியும் தூங்கவில்லை. பிறகு மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை சாரின் போனில் பார்த்தார்கள். அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்து, கடைசிக் கால் பகுதி ஆட்டத்தில் நம் பையன்கள் நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். "ஒண்ணாவது வரலைன்னாலும் மெடல் போடுதாங்கள்ல டீச்சர்?" என்று கோல்கீப்பர் என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் நான் மைக்செட்டிடம் போனேன்.

ஆமாம், நம்ம மைக்செட்டேதான். இப்போது முன்னாள் மாணவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பந்தல், ஒலிபெருக்கி, பிளக்ஸ் எல்லாம் அவர் செலவு. மனசு தங்கம், மறுக்கவில்லை. ஆனால் பிளக்ஸில் போன வருடம் பத்தாவதில் 478 வாங்கிய பிள்ளையின் படம் பெரிதாக, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக அவருடைய படம். அவ்வளவுதான். ஹாக்கிப் பிள்ளைகள் எங்கே என்றேன். "தோத்துட்டு வந்ததுக்கு எதுக்கு டீச்சர் பிளக்சு?" என்றார்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அரசாங்கம் 2017-லேயே மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நாம் விடுகிறோமா? ரிசல்ட் வந்த மறுநாள் ஒவ்வொரு முக்கிலும் பிளக்ஸ் தொங்குகிறது. 478 வாங்கிய பிள்ளை மேல் எனக்கென்ன கோபம், என் மாணவிதான், விளக்கில்லாத நாளில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்தவள். அவளும் மேடைக்கு வரட்டும். ஆனால் அவள் ஒருத்திக்காக மட்டும் இந்தப் பள்ளிக்கூடம் நடந்த மாதிரி ஒரு படம் வாசலில் நின்றால், மீதிப் பிள்ளைகள் எதற்குத் தினமும் அந்த வாசலில் நுழைகிறார்கள்?

ஒருவழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி தீர்த்துவைத்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அம்மாதான், பேச்சு குறைவு. "எல்லாப் படமும் ஒரே அளவுல போடுங்க. அண்ணாச்சி படமும் அதே அளவுதான்" என்றார். மைக்செட்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். விழாவில் நீ அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தால் போதும், பள்ளிக்கூடத்தில் உன்னைக் கண்டு நடுங்கியவர்தானே.

சரி, விளையாட்டுப் பேச்சு போதும். உன்னை எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்கிறேன்.

அந்தக் கேப்டன் பிள்ளை பத்தாவது. எங்களுடையது உயர்நிலைப் பள்ளி, பத்தோடு முடிந்தது. மேல்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கிலோமீட்டர் போகணும். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸை விட்டால் ஆட்டோதான், பயிற்சிக்கு நின்றால் பஸ் போய்விடும். வீட்டில் "பத்தாவதோட போதும், கம்பைத் தூக்கிட்டு ஓடுனதும் போதும்" என்கிறார்கள். மாமன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மே மாதம் அவளைக் கூட்டிப் போவதாகப் பேச்சு.

விளையாட்டு விடுதி இருக்கிறதே, அதில் பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசாங்கம். கோடையில் தேர்வு நடக்கும். பி.இ.டி. சார் இவள் நிச்சயம் தேறுவாள் என்கிறார், அவர் எதையும் நிச்சயம் என்று சொல்கிற ஆளில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு என்றேன். அரசுப் பள்ளியிலேயே பன்னிரண்டு முடித்துக் கல்லூரி போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்றேன். அந்த அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்படிப் போயி யாரு டீச்சர் வந்திருக்கா? நீங்க பாத்த ஆளு ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று யாரும் வாயில் வரவில்லை, லீடர். நாளிதழில் பார்த்த பெயர்களைச் சொன்னேன். கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் கபடியில் தங்கம் வாங்கியதைச் சொன்னேன். "அது மெட்ராசு" என்று முடித்துவிட்டார்.

நீ விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள் இல்லை, தெரியும். அப்படி ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். ஆனால் இதே தாலுகாவில், இதே மாதிரித் தீப்பெட்டி ஒட்டின வீட்டிலிருந்து ஹாஸ்டலுக்குப் போனவள். உங்க அப்பா அந்த வருஷம் தீபாவளிவரை உன்னோடு பேசவில்லை. உங்க அம்மாதான் அரிசி முறுக்கோடு வந்துகொண்டே இருந்தார், வார்டன் திட்டத் திட்ட. அதைச் சொல். மேடையில் வேண்டாம். விழாவுக்கு முன்னால், மத்தியானம், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்துக்கொண்டு சொல். வயதுப் பிள்ளையை வெளியூர் அனுப்புகிற பயத்துக்கு என் சதவீதம் எதுவும் பதிலில்லை.

நடுவில் மார்ச் மாதப் பொதுத்தேர்வு வேறு இருக்கிறது. கணக்கு அவளுக்கு விஷம். முதல் திருப்புதலில் 29, இரண்டாவதில் 37. நூலிழை. விழா முடிந்த அன்றைக்கே மட்டையை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சாருக்கு அதில் வருத்தம், இருக்கட்டும். கணக்கில் 35 வராவிட்டால் விடுதி, ஒதுக்கீடு எல்லாம் வெறும் பேச்சு. நீயும் அந்தப் பிள்ளையிடம் கணக்கைப் பற்றிக் கேள். போலீஸ் கேட்டால் கொஞ்சம் பயம் வரும்.

ஒரு சந்தேகம் எனக்கே உண்டு. மேடையேற்றிக் கைதட்டிவிட்டு மே மாதம் அந்தப் பிள்ளையைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றினால், கைதட்டாமலே இருந்திருக்கலாமோ என்று. இதற்கு உன்னிடமும் பதில் இருக்காது. வா, அவ்வளவுதான்.

வியாழன் ராத்திரி விழுப்புரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறு. விடிகாலை கோவில்பட்டியில் நான் ஸ்கூட்டியோடு நிற்பேன். அம்மா கம்பங்கூழும் மோர்மிளகாயும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். பேச்சு பத்து நிமிடம், 'மாணவச் செல்வங்களே' கூடாது, செல்போனின் தீமைகள் கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு உன் லத்தியைத் தொட்டுப் பார்க்கணுமாம், ஒன்று எடுத்து வா.

புதன்கிழமைக்குள் சொல். அழைப்பிதழ் அச்சுக்குப் போகணும். உன் பெயருக்குப் பின்னால் பட்டங்களை எப்படிப் போடுவது என்று எச்.எம். அம்மா கேட்கிறார், அதையும் எழுதி அனுப்பு. பதில் வராவிட்டால் மைக்செட்டுதான் சிறப்பு விருந்தினர், அப்புறம் அவர் பேசுகிற ஒரு மணி நேரத்துக்கு நீதான் பொறுப்பு.

அன்புடன்,
பேசியவர்கள் பட்டியலில் முதல் பெயர்