அந்த ஈரத்தைக் காப்பாற்றுங்கள்: வெலீக்கி நோவ்கோரத் நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வெலீக்கி நோவ்கோரத் நகர நிர்வாகத்தினருக்கும் நோவ்கோரத் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ரஷ்யாவில் உள்ள உங்கள் ஊரில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இப்போது தென்தமிழ்நாட்டில் வைத்தியம் பார்க்கும் ஒருவன் எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து இன்றும் பிள்ளைகள் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறார்கள். எந்த மண்ணின் மேல் நடக்கிறோம் என்பது அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கிறேன். ரஷ்ய மொழிபெயர்ப்பு தனியாக உங்களுக்கு வந்து சேரும்.

2018-இல் உங்கள் நாட்டுக் கட்டுமான அமைச்சகம் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தைத் தொடங்கியது. தெருவிளக்கு, கேமரா, பேருந்து நேரம் சொல்லும் செயலி, சுவரில் ஒட்டிய க்யூஆர் பலகை என்று எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். இதில் எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். பேருந்து இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று போனிலேயே தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஜனவரிக் குளிரில் நிறுத்தத்தில் நின்றவனுக்குத் தெரியும். ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்தும் பட்டியல் உங்கள் ஊருக்குப் போதாது. 1992-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய உங்கள் நினைவுச் சின்னங்களில் சோஃபியா பேராலயமும், 1378-இல் கிரேக்க ஓவியர் தியோஃபனேஸ் சுவரோவியம் தீட்டிய தேவாலயமும் கண்ணுக்குத் தெரிகின்றன. உங்கள் ஊருக்கு மட்டுமே உரிய சொத்தோ காலடியில், கறுத்த ஈரச் சேற்றுக்குள் கிடக்கிறது.

அந்தச் சேற்றைத் திரோயித்ஸ்கி அகழாய்வுக் குழியின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 1973 முதல் கோடைதோறும் தோண்டிவரும் இடம். மரச்சிராயும் சாணமும் தோல் துண்டும் அடுக்கடுக்காக அமுங்கிய கருமண். கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். அதற்குள் காற்று புகவில்லை. அதனால்தான் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மரம் நேற்று வெட்டியதைப் போல வெளியே வருகிறது. 1951 முதல் 1962 வரை நடந்த நெரேவ்ஸ்கி அகழாய்வில், பெரிய தெரு என்ற ஒரே தெருவில், ஒன்றன் மேல் ஒன்றாகத் தெருவுக்குப் பாவிய 28 மரத்தளங்கள் கிடைத்தன. மர வளையங்களை எண்ணி அவற்றுக்கு ஆண்டு குறித்தார்கள்: முதல் தளம் 953, கடைசித் தளம் 1462.

அந்த அகழாய்வில்தான், 1951 ஜூலை 26 அன்று, நீனா அக்கூலவா என்ற தொழிலாளிப் பெண் மண்ணிலிருந்து சுருண்ட பூர்ஜமரப் (birch) பட்டை ஒன்றை எடுத்தார். அதில் எழுத்துகள் கீறியிருந்தன. அகழாய்வுத் தலைவர் அர்த்தேமி அர்த்சிஹோவ்ஸ்கிக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லையாம். பிறகு, இந்தக் கண்டெடுப்புக்காக இருபது ஆண்டாகக் காத்திருந்தேன் என்றாராம். இன்று உங்கள் ஊரில் மட்டும் கிடைத்த பட்டை மடல்கள் 1,100-க்கு மேல்.

அரசர் சாசனங்களைப் போன்றவை அல்ல இவை. கடன் கணக்கு, வீட்டுச் செய்தி, வழக்கு, திருமணப் பேச்சு. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பெண், மூன்று முறை ஆள் அனுப்பியும் இந்த வாரம் ஏன் வரவில்லை, என் மேல் என்ன கோபம் என்று ஒருவனைக் கேட்கிறாள். 13-ஆம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற சிறுவன் பட்டைக் கூடையின் அடிப்பாகத்தில் அரிச்சுவடியும் உயிர்மெய்ப் பாடமும் எழுதிப் பழகுகிறான். மறுபக்கம் வால் சுருட்டிய விலங்கு ஒன்றை வரைந்து, நான் ஒரு மிருகம் என்று எழுதிவைக்கிறான். தானியேல் என்ற நண்பனுக்கு வணக்கமும் சொல்கிறான். ஏழு வயது இருக்கலாம். எழுத்துகளின் மேலேயே கவனமாக இருக்க முடியாத பிள்ளை. அவனுடைய பட்டையை முதன்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுத்தாணியால் மை இல்லாமல் கீறும் வழக்கம் எங்களுக்கும் பழக்கமானது. எங்கள் ஓலைச்சுவடி ஈரம் பட்டால் கெடும்; உங்கள் பட்டை மடலோ, அதைச் சுற்றிய ஈரம் போனால் கெடும். என் மடலின் முக்கியக் கோரிக்கை இதிலிருந்துதான் வருகிறது.

நோவ்கோரத்தின் 15-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதிக்குப் பிந்தைய மண்ணடுக்குகளில் மரமும் பட்டையும் சரியாகக் கிடைப்பதில்லை. காகிதம் புழக்கத்துக்கு வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், 18-ஆம் நூற்றாண்டில் நகரைச் சீர்படுத்த வெட்டிய வடிகால்கள். சேறு வற்றியது, தெரு காய்ந்தது, மக்களுக்கு வசதியானது; மேலடுக்கின் ஈரமும் சேர்ந்தே போனது. காற்று உள்ளே புகுந்து, அதில் இருந்த மரம் மக்கிவிட்டது. எத்தனை மடல்கள் போயின என்று எவராலும் சொல்ல முடியாது. அன்று அதைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. காலடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் ஸ்மார்ட் நகரத்தின் முதல் உணரிகள் (சென்சார்கள்) மண்ணுக்குள் இறங்கட்டும். நிலத்தடி நீர்மட்டம், மண்ணின் ஈரம், வெப்பம், ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைப் பழைய நகரில் வோல்கவ் ஆற்றின் இரு கரையிலும் பதியுங்கள். நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் பிரிக்கன் என்ற பழைய மர வீட்டு வரிசை இருக்கிறது. பக்கத்தில் கட்டிய ஹோட்டலின் வடிகாலால் அங்கே நிலத்தடி நீர் இறங்கியது. மண்ணடுக்கு அழுகி, வீடுகள் அமிழத் தொடங்கின. குழாய்க் கிணறுகளில் பல ஆண்டுகள் அளந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு மழைநீரை மண்ணுக்குள் திருப்பிவிட்டு நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். அளந்தார்கள், அதனால் காப்பாற்ற முடிந்தது. நீங்களும் எங்கேனும் இப்படி அளந்துகொண்டிருந்தால் அந்த எண்களை வெளியிடுங்கள். பேருந்து நேரம் காட்டும் அதே செயலியில் எந்தத் தெருவின் அடியில் நீர் இறங்குகிறது என்பதும் தெரியட்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

கேபிள் பதிப்பது அடுத்த விஷயம். அகழாய்வு முடியாமல் பழைய நகரில் கட்டடம் எழுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டைச் சோவியத் காலத்திலேயே கொண்டுவந்த ஊர் உங்களுடையது. அதற்கு என் மரியாதை என்றும் உண்டு. எனக்குக் கவலை பெரிய கட்டடங்களைப் பற்றி அல்ல. அவசரத்துக்கு வெட்டும் ஒல்லியான பள்ளங்கள்தான் என்னை உறுத்துகின்றன. ஃபைபர் கேபிளுக்கும் கேமராக் கம்பத்துக்கும் மண்ணை வெட்டி, பிறகு மணலும் சரளையும் போட்டு மூடினால், மூடிய பிறகும் அந்தப் பள்ளம் வடிகாலாகவே வேலை செய்யும். ஏற்கெனவே இருக்கும் குழாய்ப் பாதைகளிலேயே கேபிளை இழுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு சிறிய பள்ளமானாலும் தொல்லியலாளர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்; நீர் கசியாத களிமண்ணால் மூடுங்கள். செலவு கூடும். கூடட்டும்.

மடல்களின் தரவுத்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம், கோட்டுருவம், பாடம், மொழிபெயர்ப்பு, காலக்கணிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் அருமையான வேலை அது. ஆய்வாளர்களின் உழைப்பில் எழுந்தது. 1980-களிலிருந்து 2017-இல் மறையும் வரை மொழியியலாளர் அந்திரேய் சலிஸ்னியாக் இந்த மடல்களைப் படித்து, பண்டைய நோவ்கோரத் பேச்சுமொழியின் இலக்கணத்தையே மீட்டுத் தந்தார். அந்தத் தரவு எல்லா நாட்டிலிருந்தும் திறக்கும்படி என்றைக்கும் இருக்க வேண்டும். 2022-க்குப் பிறகு உங்கள் நாட்டு அரசுத் தளங்கள் பல வெளிநாட்டிலிருந்து திறப்பதில்லை. இங்கே உட்கார்ந்து முயன்று பார்த்துச் சலித்தவன் நான். மடல்களுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது. முழுத் தரவையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். பல நூலகங்களில் பிரதி வையுங்கள். சுவரில் ஒட்டும் க்யூஆர் பலகை பத்து ஆண்டில் செத்துப்போகலாம், பிரதிகள் பிழைத்திருக்கும்.

வோலத்தவோ தேவாலயத்தை விட்டுவிட மனம் வரவில்லை. 1352-இல் கட்டிய அந்தக் கோயிலை இரண்டாம் உலகப் போர் தரைமட்டமாக்கியது. இடிபாட்டிலிருந்து சுவரோவியத் துண்டுகள் 17 லட்சம் அளவுக்கு எடுத்தார்கள். நகத்தளவு துண்டும் உண்டு. தட்டு தட்டாகப் பரப்பிவைத்து, நிறத்தையும் தூரிகை போன திசையையும் பார்த்துக் கையால் பொருத்திவருகிறார்கள் உங்கள் மீட்பாளர்கள். டிஜிட்டல் என்ற சொல்லுக்கு உங்கள் ஊரில் இதைவிடத் தகுந்த வேலை கிடையாது. ஒவ்வொரு துண்டையும் ஸ்கேன் செய்து, இது அதோடு சேரலாம் என்று கணினி காட்டட்டும்; சேருமா என்பதை அந்தக் கைகள் முடிவு செய்யட்டும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இளையவர்கள் வந்து அமரும்படி நல்ல சம்பளத்தோடு பணியிடங்களும் வேண்டும்.

அடுத்த நிதிநிலைத் திட்டத்தில் மண்ணுக்குள் இறங்கும் உணரிகளுக்கு ஒரு தனித் தலைப்பு ஒதுக்குவீர்களா? ஒதுக்குவதென்றால் எந்தத் தெருவில் தொடங்குகிறீர்கள்? முடியாது என்றால் காரணம் என்ன? உங்கள் பதிலைப் பொதுவில் வெளியிட்டால், அதைத் தமிழாக்கி இங்குள்ளவர்களுக்குச் சேர்ப்பது என் பொறுப்பு.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் ஊரின் பழைய மாணவன்