பிளாஸ்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

ராயபுரம் வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. நடந்தால் இன்னும் கால் தள்ளாடுகிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சண்டே ஸ்கூல் வகுப்பு எடுக்க இலங்கைக்குப் போன மூன்றாம் நாள் ராத்திரி உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் விழுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு விடிய விடிய எனக்காக முழங்காலில் நின்று ஜெபித்தவர்கள் நீங்கள்தானே.

முதல் நன்றி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்காவுக்கு. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பகல் முழுக்கக் கொழுந்து பறித்து, எடை போட்டுவிட்டு, கறை படிந்த விரல்களோடு பஸ் பிடித்து என் கட்டிலருகே வந்து நிற்பார்கள். கையில் பிளாஸ்க், இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். ஐந்து நாளும் தவறவில்லை. அதற்கு முன் வகுப்பில் ஒரே ஒரு தடவைதான் என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

"ஏன்க்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் 1964இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுடைய சித்தி குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். தலைமன்னாரில் கப்பல் ஏறினதோடு சரி, அப்புறம் ஒரு சேதியும் இல்லை. "அங்க அவங்க முடியாம படுத்தப்போ யாராச்சும் ஒரு வாய் சுடுதண்ணி குடுத்திருப்பாங்கதானே டீச்சர்?" என்றார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் விட்ட வகுப்பை எடுத்ததும் அவர்கள்தான். 121ஆம் சங்கீதம்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மலையைப் பார்த்தாலே தைரியம் வரும் என்று பாடம் எழுதி, படமும் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அக்கா அதை மடித்து வைத்துவிட்டார்கள்.

"மலையைப் பார்த்தா எங்களுக்கு அட்டைக்கடிதான் ஞாபகம் வரும் டீச்சர். கொழுந்து குறைஞ்சா அரைநாள் சம்பளம். ஒத்தாசை, மலையை உண்டாக்கினவர்கிட்டயிருந்து வருதுன்னு ரெண்டாம் வசனத்துல இருக்கே, பிள்ளைங்களுக்கு அதைத்தான் சொன்னேன்."

இத்தனை வருஷம் சண்டே ஸ்கூல் நடத்தியும் நான் முதல் வசனத்திலேயே நின்றுவிட்டிருக்கிறேன். போதிக்கப் போன இடத்தில் படுக்கையில் கிடந்துதான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மலையில் நிற்கிறவர்களிடம் முதலில் கேட்காமல் இனி ஒரு பாடமும் எழுத மாட்டேன்.

தமிழ் தெரியாமலே என் தலையைத் தடவிவிட்ட சிங்கள நர்ஸ், ஊசி மருந்துக்காக ஊரெல்லாம் அலைந்த போதகர் ஐயா, என்னைத் தனியே விடாமல் முறைபோட்டு உட்கார்ந்த நம் குழுப் பிள்ளைகள், உபவாசம் இருந்த காசிமேட்டு அம்மாக்கள், தண்டையார்பேட்டையில் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்த தம்பிகள், என் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போட்ட மாடி வீட்டு அத்தை, எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

அக்கா, கிளம்பின அவசரத்தில் உங்கள் பிளாஸ்க் என் பையோடு வந்துவிட்டது. உடம்பு தேறியதும் நானே கொண்டுவருகிறேன். அதற்குள் சித்தியின் முழுப் பெயரையும், எந்த வருஷம் கப்பல் ஏறினார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இங்கே விசாரிக்க ஆரம்பிக்கிறேன்.