முரளிக்கு, நாலு மாதம் தாமதமாக

அன்புள்ள முரளி,

திட்டாதே. "கடல்மீன் தொட்டிக்கு எந்த லைட் வாங்கலாம், ஒரு வரி எழுது போதும்" என்று நீ கேட்டு நாலு மாதம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்த அதே வாரம் என் அனிமோன், அதுதான் பூ மாதிரி விரல் விரித்துப் பாறையில் ஒட்டியிருக்கிற அந்தக் கடல் பிராணி, சாகக் கிடந்தது. எந்த முகத்தோடு உனக்கு உபதேசம் பண்ணுவது?

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் பழையபடிதான். வசந்தி உன்னை விசாரித்தாள்.

என் தொட்டி 60 லிட்டர், 35 சென்டிமீட்டர் உயரம். அதோடு வந்த வெள்ளை எல்இடி பட்டை என் கண்ணுக்குப் பட்டப்பகல் மாதிரி இருந்தது. பபிள் டிப் என்கிற வகை அனிமோன் ஒன்றைக் கொண்டுவந்து பாறை இடுக்கில் விட்டேன். மூன்றாம் நாள் உடம்பை மேலே மேலே நீட்டியது. ஐந்தாம் நாள் இடத்தைக் காலி செய்து, கண்ணாடியில் ஊர்ந்து ஏறி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, லைட்டுக்கு நேர் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. வாயில்லாத ஜீவன் என்று எவன் சொன்னான்? வெளிச்சம் போதவில்லை என்று அது கத்தாத குறைதான்.

எனக்குப் புரிந்தது, அரைகுறையாக. பவளம் வளர்க்கிறவர்கள் மாட்டுகிற பெரிய எல்இடியை வாங்கி, முதல் நாளே 100 சதவீதம் வைத்து, பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டேன். இரண்டே நாளில் அது சுருண்டு பாறைக்கு அடியில் பதுங்கியது. பத்து நாளில் பழுப்பெல்லாம் போய் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் மச்சான் வந்தான். "அடடா, முத்து மாதிரி இருக்கே!" என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன், முரளி. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

அந்தப் பழுப்பு, அதன் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்பாசியின் நிறம். வெளிச்சத்தை வைத்து அந்தப் பாசி சமைத்துப் போடுவதைத்தான் அனிமோன் பெரும்பாலும் தின்கிறது. பழக்கமில்லாத வெளிச்சம் ஒரேயடியாகக் கொட்டினால் பாசி திணறி, நச்சைக் கக்க ஆரம்பிக்கும். அனிமோன் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடும். வெள்ளையாக மின்னுவது, சமையல்காரனைத் துரத்திவிட்டுப் பட்டினி கிடக்கிற உடம்பு.

பிறகுதான் ஒருவரிடம் கெஞ்சி, வெளிச்சத்தை அளக்கிற பார் (PAR) மீட்டர் இரவல் வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கிற லூமென் கணக்கை நம்பாதே. அது மனிதக் கண்ணுக்கான கணக்கு, பச்சையைத்தான் தூக்கிக் காட்டும். பாசிக்கு அதிகம் வேண்டியது 450 நானோமீட்டர் பக்கத்து நீலம். நம் கண்ணுக்கு அது மங்கல். பார் மீட்டர்தான் பாசிக்கு உதவுகிற ஒளியை எண்ணிச் சொல்லும். பபிள் டிப்புக்கு அந்த மீட்டரில் 150 முதல் 250 வரை இருந்தால் நல்லது என்கிறார்கள். பழைய பட்டை அந்தப் பாறையில் கொடுத்தது 35. நான் மாட்டிய ராட்சசன், முழு வேகத்தில், 480! சின்னத் தொட்டியில் ஆழம் இல்லை பார், பெரிய லைட் நேராக மண்டையில் அடிக்கிறது. விளக்கைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினேன். மேல்மூடிக் கண்ணாடியில் உப்புப் படிந்து கிடந்தது. துடைத்த பிறகு மட்டும் மீட்டரில் இருபது ஏறியது.

இப்போது வைத்தியம் நடக்கிறது. 30 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றுகிறேன். எட்டு மணி நேரம்தான். காலையில் மெல்ல விடிந்து, மாலையில் மெல்ல மங்கும்படி வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை சுண்டுவிரல் நகம் அளவு இறால் துண்டு. முதல் மூன்று வாரம் கிடுக்கியில் நீட்டினால் ஒட்டவே இல்லை, நழுவி மணலில் விழும், நண்டு தூக்கிக்கொண்டு ஓடும். போன செவ்வாய்க்கிழமை அனிமோனின் விரல் ஒன்று வளைந்து பிடித்தது. அப்புறம் இன்னொன்று. மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனது. வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதற்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன் என்று கேட்டாள். நேற்று விரல்களின் அடியில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

யாருக்காக இந்த அனிமோனை வாங்கினேனோ, அந்தக் கோமாளி மீன் ஜோடி அதன் பக்கமே போவதில்லை. மோட்டாருக்குப் பின்னால்தான் தூக்கம்.

ஒன்று தெரியுமா? 1828இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டால்யெல் என்கிற இயற்கை ஆய்வாளர் ஓர் அனிமோனை எடுத்து ஜாடியில் வளர்த்தார். அவர் 1851இல் போய்ச் சேர்ந்தார். அது கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர். அது உடம்பில் பாசி இல்லாத வகை, விளக்குத் தொல்லை கிடையாது. ஆனால் எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு, முரளி. இது பிழைத்துவிட்டால் எனக்குப் பின்னால் யார் லைட் போடுவது? பிள்ளைகளைக் கேட்டேன், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் பெயரைத்தான் எழுதி வைக்கப்போகிறேன். நீயும் என் வயதுதான், அது வேறு விஷயம்.

அதனால் நீ இப்போதைக்கு அனிமோன் வாங்காதே. தொட்டி ஓடி ஆறு மாதமாவது ஆகட்டும். நான் மூன்றாம் மாதமே அவசரப்பட்டேன். மங்கலாக்க வசதி உள்ள லைட்டாகப் பார். மோட்டார் வாயில் பஞ்சு வலை கட்டு, இது ஊர்ந்து போய்ச் சிக்கிக்கொண்டால் கூழாகி, தொட்டித் தண்ணீரையே கெடுத்துவிடும். மீட்டர் இன்னும் இரண்டு வாரம் என்னிடம் இருக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. ஏழு மணிக்கு மேல் பண்ணு, அதற்கு முன்னால் எடுக்கமாட்டேன். லைட் மங்குகிற நேரம், அது விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்,
சுந்தர்