ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு தட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட இந்த நாள்களில், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்ற அறிவிப்பு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களில் தெருத்தெருவாகக் கேட்கிறது. வீட்டுக்குள்ளேயே, துடைப்பமும் ஈரத்துணியும் எட்டாத இடங்களில் நிற்கும் தண்ணீரைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் என் பேத்திக்கு டெங்கு காய்ச்சல் கண்டது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து, தட்டணுக்கள் ஏறிய பிறகே வீடு திரும்பினாள். மறுநாள் வந்த கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர், மொட்டைமாடித் தொட்டி, பூந்தொட்டிகள், கொல்லைப்புறம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தலாமாம்மா?" என்று கேட்டார். இருவேளையும் தரை துடைக்கிற வீட்டில் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குச் சற்று மனத்தாங்கல்கூட ஏற்பட்டது. பின்புறம் கம்ப்ரசருக்கு மேலே இருந்த தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நின்றது. டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கும் ஃப்ரிட்ஜில் அப்படியொரு தட்டு இருப்பதையே அன்றுதான் அறிந்தேன்.

உள்ளே உறையும் பனி உருகி, ஒரு சிறு குழாய் வழியாக அந்தத் தட்டில் விழுந்து, கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாக வேண்டும் என்பதே ஏற்பாடு. காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் தண்ணீர் எளிதில் ஆவியாவதில்லை; மின்வெட்டு நீண்டால் பனி மொத்தமாக உருகித் தட்டு நிரம்பியும் விடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. இப்படி அசையாமல், நிழலில் கிடக்கும் தெளிந்த நீரே போதும்.

அந்தப் பணியாளர் சொன்ன இன்னொரு செய்தியைப் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தாலும் முட்டைகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிகின்றன. ஆகவே கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை தவறாமல் செய்ய வேண்டும். ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டே தட்டில் கை வைக்க வேண்டும். கழற்ற முடியாத தட்டாக இருந்தால் பழைய துணியால் நீரை ஒற்றியெடுத்து, சுவரை நன்றாகத் துடைக்கலாம்.

மணிபிளான்ட் பாட்டில், பூ மிதக்கவிடும் உருளி, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் காலடியில் வைக்கும் கிண்ணம், ஏசி நீர் சொட்டும் வாளி, யாரும் பயன்படுத்தாத கழிவறையின் ஃப்ளஷ் தொட்டி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். கிரைண்டர் வந்த பிறகு கொல்லைக்குப் போய்விட்ட ஆட்டுக்கல்லைத் தனியே சொல்ல வேண்டும். அதன் குழியில் மழைநீர் நின்றால் கவிழ்க்கவும் முடியாது; நாங்கள் குழி நிறைய மணலைக் கொட்டிவிட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வருகிற தெருக்களில் டிரம்மைக் காலி செய்யச் சொல்வது நியாயமாகாது. அங்கே வாயை இடைவெளியின்றித் துணியால் கட்டிவைப்பதும், கொசுப்புழுவைக் கொல்ல உள்ளாட்சிப் பணியாளர் ஊற்றும் அபேட் மருந்தை மறுக்காமல் ஏற்பதும்தான் வழி.

2017-ஆம் ஆண்டு தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 65 பேர் உயிரிழந்தனர் என்பது அரசுக் கணக்கு. அப்போது கொசுப்புழு இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் அபராதம் விதித்தார்கள். அபராதத்தைவிட, ஃப்ரிட்ஜை விற்பவரும் பழுது பார்க்க வருபவரும் அந்தத் தட்டைக் காட்டி, கழுவும் முறையைச் சொல்லிக்கொடுப்பது மிகுந்த பயன் தரும் என்பது என் எண்ணம்.

அந்தப் பணியாளர்களிடம் "இங்கே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். நானும் முன்பு அப்படி அனுப்பியவள்தான் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். இப்போது எங்கள் தெருவில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து, ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்தில் ஃப்ரிட்ஜை நகர்த்திப் பார்க்கிறோம். சென்ற வாரம்கூட இரண்டு வீடுகளில் புழுக்கள் இருந்தன. மார்கழி முடியும்வரை தங்கள் ஞாயிறு இதழில் இதை நினைவூட்டும் சிறு கட்டம் ஒன்றை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.