நீலத்திரை ஜோசியருக்கு

அன்புள்ள சேகர்,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? இத்தனை நாள் கடிதம் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. நடுவில் ஆரம்பித்தால் விஷயம் புரியாது.

விஷயம் பெரியவருடையது. திடீரென்று போன் செய்தார். குரல் ரொம்பத் தளர்ந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல், "அந்த அகராதிப் பக்கமெல்லாம் இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்டார். இருக்கிறது ஐயா என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, ஃபைல்கள் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருக்கின்றன. திறக்கத்தான் வழியில்லை. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அதற்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் அந்த ஃபைலைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பு சிஎஸ்6தான், அது என்னிடம் கிடையாது. நம் எழுத்துருவும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல. வேறு எதில் திறந்தாலும் கிறுக்கலாகத்தான் வரும். ஆகவே பழைய விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைகழுவிய அதே எக்ஸ்பி.

நிஜக் கணினிக்கு எங்கே போவது? லினக்ஸில் கேவிஎம் வைத்து ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஆன இன்னொரு கணினி, போட்டேன். (சிரிக்காதே. உன் "பைத்தியம்" பட்டம் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.) வேகமாக ஓடட்டும் என்று டிஸ்க்கை விர்ட்ஐஓவாக, அதாவது விர்ச்சுவல் மெஷினுக்கென்றே செய்த இணைப்பு முறையில், கொடுத்தேன். சிடி இமேஜிலிருந்து எக்ஸ்பியை நிறுவும் நீலத்திரை வந்தது, கீழே வரிசையாக டிரைவர் (வன்பொருளோடு பேசும் மென்பொருள்) பெயர்கள் ஓடின, கடைசியில் உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லி நின்றது. எதிரிலேயே இருக்கிற டிஸ்க்கை!

காரணத்தை யோசித்தால் அதன் மேல் கோபம் வராது. ஆரம்பத்தில் சிடியைப் படிப்பது பயாஸ், கணினியிலேயே இருக்கும் தொடக்க நிரல். அதுவரைக்கும் விண்டோஸுக்குச் சொந்தமாக எந்த டிரைவரும் தேவையில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் கிளம்பியதும் பயாஸ் ஒதுங்கிவிடும். அப்புறம் டிஸ்க்கோடு பேச விண்டோஸின் சொந்த டிரைவர் வேண்டும். எக்ஸ்பி வந்தது 2001இல். டிஸ்க்கை இணைக்கும் முறைகளில் அதற்குப் பழைய ஐடிஇ தெரியும், அந்தக் காலத்து ஸ்கஸி கார்டுகள் சில தெரியும். பிறகு வந்த ஏஹெச்சிஐ தெரியாது, விர்ட்ஐஓ சுத்தமாகத் தெரியாது. பிறகு டிஸ்க்கிலேயே டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றால், சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதை.

இதற்காகத்தான் அந்தப் பழைய எஃப்6, நிறுவும்போதே வெளியிலிருந்து டிரைவர் கொடுக்க அழுத்தும் விசை. திரை வந்த முதல் சில நொடிகளில் கீழ் வரியில் ஒரு அறிவிப்பு வந்து போகுமே, அது. நீ தூங்கி வழிந்துகொண்டே அழுத்துவாய். விர்ச்சுவல் மெஷினில் அது கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடுகிறது. முதலில் அந்த ஜன்னலுக்குள் மவுஸைக் கிளிக் செய்து கீபோர்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எஃப்6 வெளியே லினக்ஸுக்குப் போய்விடும். அழுத்தியதும் எதுவும் நடக்காது. கொஞ்சம் கழித்துத்தான் கேட்கும், அப்போது S எழுத்தை அழுத்த வேண்டும். கேட்பது என்ன தெரியுமா? ஏ டிரைவில் ஃப்ளாப்பி! சிடி, இன்னொரு டிஸ்க், எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அடுத்த விண்டோஸான விஸ்டா வந்த பிறகுதான் சிடியிலிருந்தும் யூஎஸ்பியிலிருந்தும் டிரைவரை ஏற்றும் வசதி வந்தது.

நல்லவேளையாக ஃப்ளாப்பியும் இங்கே ஒரு ஃபைல்தான், 14,74,560 பைட். விர்ட்ஐஓ டிரைவர் தொகுப்பின் பழைய பதிப்புகளில் தயாராகவே கிடைக்கிறது. புதிய பதிப்புகளில் எக்ஸ்பியைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே txtsetup.oem என்று ஒரு சின்ன ஃபைல். எந்த விண்டோஸுக்கு எந்த டிரைவர் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. எக்ஸ்பி வரியைத் தேர்ந்தெடுத்தேன், டிஸ்க் தெரிந்தது. தெரிந்ததே என்று ஃப்ளாப்பியை உடனே கழற்றக் கூடாது. ஃபைல்களை நகலெடுக்கும்போது அதையே மறுபடியும் கேட்கும். அது முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் என் ஆசைக்குச் செய்தது. நீ செய்வதாக இருந்தால் பேசாமல் ஐடிஇ டிஸ்க் கொடுத்து எக்ஸ்பியைப் போட்டுவிடு, எந்தக் கேள்வியும் கேட்காது. பக்கங்களைத் திறக்க அந்த வேகமே போதும். பிறகு வேகம் வேண்டுமென்றால் விர்ட்ஐஓவில் ஒரு குட்டி டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டு. "புதிய வன்பொருள்" என்று எக்ஸ்பி கேட்கும்போது டிரைவரைக் கொடு. அணைத்துவிட்டுக் குட்டியைக் கழற்றி, பிரதான டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்று. டிரைவர் முன்பே பதிந்திருப்பதால் பூட் ஆகும். நடுப்படியைத் தாண்டி நேராக மாற்றினால் நீலத்திரையில் ஸ்டாப் 7பி என்ற பிழை எண் வரும். நீலத்திரை எண்களுக்கு அர்த்தம் சொல்லும் ஜோசியர் உனக்கே தெரியும், அந்த எண் வந்தால் பூட் டிஸ்க் கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம்.

எக்ஸ்பி இப்போது ஓடுகிறது, பேஜ்மேக்கரும் ஏறிவிட்டது. "அ" பகுதியைத் திறந்தேன். கட்டம், கோடு, பக்க எண் எல்லாம் அதனதன் இடத்தில். எழுத்து மட்டும் இல்லை. எழுத்துரு உன்னிடம்தான் இருக்க வேண்டும், பெரியவர் அன்று உன் கையில்தான் கொடுத்தார். அவர் மறுபடி கூப்பிடுவதற்குள் அச்சில் பத்துப் பக்கமாவது காட்டிவிட வேண்டும் சேகர். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீயும் இதையேதான் சொல்வாய்.

தேடிப் பார். ஃப்ளாப்பியில் இருந்தால் ஃப்ளாப்பியை அனுப்பாதே, படிக்க என்னிடம் டிரைவ் இல்லை. இமேஜாக எடுத்து அனுப்பு.

உன்,
ரவி