சிங்கிள் பெட்ரூம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேடவாக்கம் பிளான் இரண்டையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன். சிங்கிள் பெட்ரூம் 42 லட்சம், டபுள் பெட்ரூம் 64 லட்சத்து 60 ஆயிரம். சிங்கிளே போதும் என்கிறாய்.

600 சதுர அடி என்று போட்டிருப்பதில் படிக்கட்டும் லிஃப்டும் சேர்த்தி. பாய் விரிக்கிற இடம், அந்த கார்ப்பெட் ஏரியா, 400தான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் சதுர அடி 10,500 ஆகிறது. டபுளில் 680 இருப்பதால் 9,500தான். சின்ன வீடென்று சமையலறையும் பாத்ரூமும் இல்லாமல் கட்ட முடியுமா? யூ.டி.எஸ்.ஸும், அதாவது நிலத்தில் உன் பங்காக வருகிற சதுர அடியும், டபுளில் 430, சிங்கிளில் 260. கட்டடம் பழசாகும், மண்தான் நிற்கும். டபுளே எடு.

சிங்கிளுக்கு ஜி.எஸ்.டி. 1 சதவீதம்தான் என்று பில்டர் சொல்லியிருப்பார். அது மொத்தம் 45 லட்சம் வரைக்கும்தான். கார் பார்க்கிங்குக்கு 4 லட்சம் கேட்கிறாரே, அதையும் சேர்த்தால் 46. அப்புறம் 5 சதவீதம்.

நம் வீட்டில் சொந்தச் சம்பளத்தில் வீடு பார்க்கிற முதல் பெண் நீதான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளிடம் நீ பேசித்தான் மூன்று வாரம் ஆகிறது.

போன வருடம் மூன்று பெட்ரூம் பார்த்தீர்கள். இந்த பிளானை மாப்பிள்ளை பார்த்தாரா? சிங்கிளில் கிச்சன் ஈசானிய மூலையில் வருகிறது. அவ்வளவு வாஸ்து பார்ப்பவர், ஒன்றும் சொல்லவில்லையா?

ஐப்பசியில் ராத்திரி பதினொன்றரைக்கு நீ போன் செய்தாயே. மழையில் சரியாகக் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டது பாப்பா. எல்லாமே கேட்டது. "அனுசரித்துப் போம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு விடியும்வரை திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன், திரும்பக் கூப்பிடத்தான் கை வரவில்லை. நீ அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, இந்த பிளானைத் தவிர.

டபுளே எடு. மிச்சம் 22 லட்சத்து 60 ஆயிரத்துக்கு ஊரணிக்கரை மனையை விற்றுத் தருகிறேன். தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். பத்திரம் உன் ஒருத்தி பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டாகக் கடன் வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று வங்கியில் சொல்வார்கள், வேண்டாம்.

கிச்சன் எந்த மூலையில் இருந்தால் என்ன.

அப்பா