பயந்த நாயைக் காலரைப் பிடித்து இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் நின்ற லாரிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆறேழு மாதக் குட்டி, செவலை நிறம், அதனால் பெயரும் செவலை. வந்த அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போனதுதான், குக்கர் விசில் அடித்தாலும் நடுங்கும், வாளியைக் கீழே வைத்தாலும் நடுங்கும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று வேட்டை நாய்களுக்குப் பேர்போன பக்கம் எங்களுடையது. "இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா, கட்டிப்போட்டு ரெண்டு போடுங்க, சரியாகிடும்" என்று சொல்லாத ஆள் இல்லை.

அடிக்கவில்லை, ஆனால் நாங்களும் தப்பு செய்தோம். மூன்றாம் நாள் 'பழகட்டுமே' என்று காலரைப் பிடித்து வெளியே இழுத்தேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம், ஏனென்றால் காதுப் புண், வலி இருந்தாலும் நாய் இப்படி ஒதுங்கும். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் தினமும் சாயங்காலம் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி, அதன் முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைப் படிப்பேன். நடுவில் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை அதன் பக்கம் போடுவேன், கூப்பிட மாட்டேன். முதல் நாலு நாள் நான் எழுந்து போன பிறகுதான் தின்றது. ஒன்பதாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்தது, பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராகக் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தன.

குக்கர் விசிலுக்கும் இதே வழிதான். சமையலறைக்குத் தூரமான அறையில் அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விசில் முடிந்ததும் ஒரு துண்டு முட்டை கொடுப்போம். சத்தம் முதலில், தீனி பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. தீனியைத் தொடவில்லையா, சத்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம், இன்னும் தள்ளிப் போக வேண்டும். பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு. அதுவாக ஒட்டி வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வாலைக் காலிடுக்கில் செருகுவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது எல்லாம் 'தள்ளிப் போ' என்று நாய் சொல்வது. உறுமினால் அடிக்காதீர்கள், உறுமலை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாமல், அது முகர்ந்து பார்த்த பிறகு நெஞ்சுப் பக்கம் தொடச் சொல்லுங்கள். குட்டி வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று, பிறந்த 3 வாரத்திலிருந்து சுமார் 3 மாதம் வரை பார்க்கிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள்தான் அதற்குச் சீக்கிரம் பழகும். தடுப்பூசி முடியவில்லை என்று அறையில் அடைத்து வைக்காமல், தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டாவது தெருவைக் காட்டுங்கள்.

இப்போது செவலை விசில் அடித்தால் சமையலறை வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் தீபாவளி வருகிறது. நம் மாநிலத்தில் வெடி வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்துத்தான் அறிவிக்கிறார்கள். வெடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பட்டாசால் பிழைக்கிற ஊர் எங்களுடையது. அந்த நேரத்துக்குள் வெடித்தால், இருட்டும் முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் வந்து, ஜன்னலை மூடி, ஃபேனைப் போட்டு உள்ளறையில் கூட உட்கார்ந்துகொள்ள எங்களால் முடியும். நடுராத்திரி திடீரென்று வெடித்தால் ஒரு வருஷ உழைப்பு போய்விடும்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்பு பட்டாசுப் பாதுகாப்புக் குறிப்புகள் வெளியிடுகிறீர்கள். இந்த வருஷம் அதில் நாய், பூனை, மாடுகளுக்கும் நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
செவலையை வளர்க்கும் வாசகர்,
சாத்தூர்.